மீன் தொட்டி விளக்கும் என் ஈரக் கையும்

எனக்குத் தெரிந்து பழவேற்காட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்த வீடு எங்களுடையது ஒன்றுதான். தெருக் கோடியில் ஏரி. விடிந்தால் கூடை கூடையாக மடவையும் இறாலும் கரையில் இறங்கும். கூடையிலிருந்து தப்பிய நண்டு தெருவுக்குள்ளேயே நடந்து வரும். அப்படிப்பட்ட ஊரில் மெட்ராசுக்குப் போய் மீனை விலைக்கு வாங்கி வந்து, தின்னாமல், விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என் கணவர். ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணப் பந்தல் பிரித்த சூட்டோடு அவர் அரபு நாட்டுக்குப் போய்விட்டார். அங்கே அடுக்குமாடி வீடுகளில் கரண்டு வேலை செய்கிறவர்களுக்கு உதவியாள். குழாய் சுமக்க வேண்டும், சுவரைக் கொத்த வேண்டும், வயர் இழுத்துக் கொடுக்க வேண்டும். சில வருஷம் கழித்து வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் எல்லோரும் அவர் விடுமுறைக்கு வந்திருப்பதாக நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைக்க விட்டார். எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டால், "பாக்கணும்" என்பார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் கொண்டுவந்தவை கொஞ்சம்தான். ஒரு கம்பளி, சில சென்ட் பாட்டில்கள், ஒரு டேப்ரெக்கார்டர். அவற்றோடு, அங்கே வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ ஒரு வீட்டுக்காரர் கொடுத்த தகர மூடி ஒன்று. மீன் தொட்டிக்கு மேலே கவிழ்த்து வைப்பது. உள்ளே குட்டி டியூப்லைட், அதற்கான சோக்கு, எல்லாம் பொருத்தியே இருந்தது. அந்த மூடியின் அளவுக்குத்தான் தொட்டியே செய்தார். மெட்ராசில் கண்ணாடி வெட்டி, கம்பளியில் சுற்றி, பொன்னேரியில் பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இரும்புச் சட்டமும் ஸ்டாண்டும் பொன்னேரியில் வெல்டிங் வைத்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அதன் பெயிண்ட் முதல் மழைக்கே செதில் செதிலாக உரிந்தது.

இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார். கைக்கு அடங்கிய வெள்ளைப் பெட்டி. முன்னால் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு விசை, பக்கத்தில் ஒரு சின்ன பொத்தான். வந்த புதிதில் ஒருநாள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார்.

"கரண்டு ஒரு வயர்ல போவுதில்ல, இன்னொரு வயர்ல அப்படியே திரும்பி வரணும். போனது அத்தனையும் வரணும். நடுவுல ஆளு மேல பாஞ்சி, தரைக்கு ஒழுவிச்சுன்னா, வர்றது கொறையும். இது அத கண்டுபுடிச்சி பட்டுனு நிறுத்திடும். ஆளு பொழச்சிக்குவான். அங்க எல்லா வூட்லயும் கீது."

"நம்ம வூட்ல வெப்பீங்களா?"

"வெக்கலாம், வெக்கலாம்."

பெட்டி கண்ணாடி அலமாரிக்குள் சென்ட் பாட்டில்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. வந்தவர்கள் அதை ரேடியோ என்று நினைத்தார்கள்.

தொட்டியை வைத்த இடத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் கிணறும் கை கால் கழுவுகிற இடமும் பின்கட்டில் இருந்தன. அங்கிருந்து உயரமான வாசற்படியைத் தாண்டினால் கூடம். கூடத்தின் மறுபக்கம் பெண்கள் தொழுகிற அறை. மொத்த வீட்டுக்கும் பிளக் சொருக ஓர் இடம்தான், அதுவும் அந்த வாசற்படிக்குப் பக்கத்துச் சுவரில். எனவே தொட்டி அங்கே வந்தது. தெருக்கதவைத் திறந்தால் நேராகக் கண்ணில் படும் என்பதும் அவருக்கு வசதி. பின்கட்டிலிருந்து ஏறி வருகிறவர்கள் ஸ்டாண்டின் விளிம்பைப் பிடித்துத்தான் படியைத் தாண்டவேண்டும். வேறு பிடி கிடையாது.

மூடியின் பிளக்குக்கு மூன்று கால். எங்கள் சுவரில் இரண்டு ஓட்டை. அவர் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு கால் பிளக் வாங்கி மாட்டினார். மிச்சமிருந்த பச்சை வயரை மடக்கி டேப் சுற்றினார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"எர்த்து. இங்க எர்த்து எங்க கீது? சும்மா கெடக்கட்டும்."

அங்கே முதலாளிக்குப் பயந்து ஒழுங்காகச் செய்திருப்பார். இங்கே யாருக்குப் பயப்பட வேண்டும்?

சாயங்காலம் ஆனால் விளக்கைப் போடுவார். பச்சைத் தண்ணீருக்குள் சிவப்பு மீன்கள் மினுங்கும். அவர் எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "அங்க எல்லாம் சொவரு பூரா தொட்டி வெச்சிருப்பான்" என்று ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் அவர் முகம் தெளிந்துவிடும். வேலை போய்த் திரும்பிவந்த மனிதருக்கு அந்த வெளிச்சம்தான் மிச்சம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஆரம்பத்தில் நானும் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் சுமந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும், மீன் தாங்காது. நல்ல தண்ணீருக்கு ஊருக்கு வெளியே இருந்த அடிபம்புக்குப் போகவேண்டும். நாங்கள் கரிப்புத் தண்ணீரில் குளித்தோம். மீன்கள் நல்ல தண்ணீரில் நீந்தின.

முதல் தடவை அது என்னைக் கடித்தது ஓர் அஸர் நேரத்தில். அதாவது பிற்பகல் தொழுகைக்கு முன். கிணற்றடியில் ஒளு செய்துவிட்டு வந்தேன். தொழுகைக்கு முன் முகம், முழங்கை வரை கை, கணுக்கால் வரை கால் எல்லாம் கழுவுவதுதான் ஒளு. எங்கள் மாமி, அதாவது என் மாமியார், அந்தத் தண்ணீரைத் துண்டால் துடைக்க விடமாட்டார். அது தானாகச் சொட்டி உலரவேண்டும், ஒவ்வொரு சொட்டோடும் ஒரு பாவம் போகிறது என்பார். அதனால் சொட்டச் சொட்ட வெறுங்காலோடு வந்து, ஸ்டாண்டைப் பிடித்தேன். விரலில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் யாரோ நரம்பைச் சுண்டி இழுத்தது போலிருந்தது. கையை உதறிக்கொண்டு கத்தினேன்.

கணவர் வந்தார். ஸ்டாண்டை நன்றாகத் தடவிப் பார்த்தார். மூடியையும் தட்டினார்.

"ஒண்ணும் இல்லியே."

"இருந்துச்சிங்க. சுண்டி இழுத்துச்சி."

"ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் ஜில்லுனு இருக்கும்."

ஜில்லென்று இருப்பதற்கும் கரண்டு அடிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? ஆனால் அவர் தொட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. மாமியும் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு என் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு அது தினமும் இல்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. வெயில் காயும் நாளில் ஒன்றும் இருக்காது. காற்று ஈரமாக ஏரிப் பக்கமிருந்து அடிக்கிற நாளில் இருக்கும். தரை கழுவிய நாளில் நிச்சயம் இருக்கும். மீனுக்குத் தீனி போட மூடியைத் தூக்கவேண்டும். அதுவும் என் வேலை. சுவிட்சை அணைத்துவிட்டுத் தூக்கினேன், அப்போதும் இழுத்தது. இதைப் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சுவிட்ச ஆஃப் பண்ணாலும் அடிக்குதா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கரண்டே இல்லாம கரண்டு அடிக்குதுன்றியே, நீதான் விஞ்ஞானி."

பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி எனக்கு வேறு காரணம் கண்டுபிடித்தாள். வயிற்றில் ஒன்று தங்கினால் இந்த நரம்புத் தளர்ச்சியெல்லாம் போய்விடுமாம். புருஷன் கடல் தாண்டி இருந்த வருஷங்களில் வயிற்றில் எப்படித் தங்கும் என்று அவளிடம் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் விளக்குகிற தெம்பு அப்போதே எனக்குக் குறைந்துவிட்டது.

ஒருநாள் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்லிவிட்டார்கள். பொழுது சாய்ந்ததும் தொழுகிற தொழுகை, நேரம் குறைவு. நான் கிணற்றடியில் ஒளு செய்துவிட்டுக் கை சொட்ட நிற்கிறேன். எதிரே படி. படிக்குப் பக்கத்தில் விளக்கு எரிகிற தொட்டி. முந்தின நாள் இழுத்த இழுப்பில் தோள்வரை மரத்திருந்தது. அடுத்த தடவை கை ஒட்டிக்கொண்டால்? ஒரு நொடி விடாமல் பிடித்துக்கொண்டால்? என்னைப் பிரித்துவிட யார் வருவார்கள்? அவர் பள்ளிவாசலில். மாமிக்குக் காது மந்தம். எனக்குச் சாக பயமாக இருந்தது. வெளிப்படையாகச் சொல்வதானால் அவ்வளவுதான். தொழப் போகிற வழியில், ஒரு மீன் தொட்டியால் நான் சாக விரும்பவில்லை.

அன்றைக்குக் கையும் காலும் உலர்ந்து பயம் தெளியும்வரை நின்றதில், தொழுகை நேரம் தப்பிப் போயிற்று. மறுநாள் ஒரு காரியம் செய்தேன். ஏரிக்கரைக்குப் போய்ச் சுத்தமான காய்ந்த மணலாகப் பார்த்து ஒரு அலுமினியத் தட்டு நிறைய அள்ளிவந்தேன். தொழுகிற அறையின் ஓரத்தில் வைத்தேன். தண்ணீர் கிடைக்காத இடத்தில், இல்லை தண்ணீர் பட்டால் உயிருக்கோ உடம்புக்கோ கேடு என்றால், சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கொண்டு தொழலாம். தயம்மும் என்பார்கள். சிறுவயதில் ஓதிக்கொடுத்தது. பாலைவனத்துக்காரர்களுக்காக வைத்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராகக் கிடக்கிற ஊரில் நான் மணலைத் தட்டினேன்.

மாமி பார்த்துவிட்டார். அப்படியே வாசல் நிலையில் நின்றுவிட்டார்.

"இன்னா புள்ள இது? கெணறு வத்திப் பூடுச்சா?"

"இல்ல மாமி. தண்ணியோட அந்தப் பக்கம் வர பயமா கீது."

"ஊரச் சுத்தித் தண்ணி. இவ மண்ணுல செய்யறா." மாமி தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அதைவிட மோசமாக, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அல்லா உனக்கு நல்ல புத்தியக் குடுக்கணும்."

கணவர் முதலில் சிரித்தார். பிறகு எரிச்சல்பட்டார். நான் விடவில்லை. வேளைக்கு வேளை மணல். பக்கத்து வீட்டு அக்கா வந்தபோது தட்டைப் பார்த்தாள். அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. மீன் தொட்டி வீட்டில் தண்ணீர்க் கஷ்டமாம், ஒளு செய்யக்கூட இல்லையாம் என்று அது சுற்றிப் பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்த வேகத்தில் வெளியே போட்டுப்போன செருப்பைக்கூட மாற்றவில்லை. கூடத்தில் நின்றுகொண்டு கத்தினார்.

"எத்தினி பேரு முன்னால! அஜ்ரத்து கூப்பிட்டுக் கேக்கறாரு, உங்க வூட்ல தண்ணி இல்லியா, நாலு கொடம் அனுப்பட்டுமான்னு. மானம் பூடுச்சி."

அஜ்ரத் என்றால் எங்கள் பள்ளிவாசலில் தொழ வைப்பவர். மாமி கதவோரம் வந்தார். "நீ இன்னா சொன்னே?"

"இன்னா சொல்றது? பொண்டாட்டிக்கு மீன் தொட்டியப் பாத்தா பயம்னு சொன்னேன். கரண்டு அடிக்குதுன்றான்னு சொன்னேன். எல்லாம் சிரிச்சாங்க."

"அஜ்ரத்து?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவரு சிரிக்கல. அந்தப் புள்ள சொல்றது நெசமான்னு பாத்தியான்னாரு. தொட்டுப் பாத்தேன்னேன். தொட்டுப் பாக்கறது இல்ல, சரியாப் பாத்தியான்னாரு. இல்லேன்னேன். அப்ப நீ பாக்குற வரிக்கும் அது மண்ணுல செய்யறது செல்லும், மறுமைல உன் பேருலதான் கேள்வின்னுட்டாரு."

எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? அந்த வீட்டுக்கு வாழ வந்து முதல் தடவையாக யாரோ ஒருவர், முகம்கூடப் பார்க்காத ஒருவர், நான் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே அலமாரியிலிருந்து வெள்ளைப் பெட்டி வெளியே வந்தது. மீட்டருக்குக் கீழே பலகை அடித்து அதில் மாட்டினார். எனக்காக மாட்டவில்லை. "இப்பத் தெரிஞ்சிடும் பாரு. ஒழுவுச்சுன்னா இது விழும். விழலேன்னா உனக்கு மண்டைல கோளாறு" என்று சொல்லிக்கொண்டேதான் மாட்டினார். விசையை மேலே தள்ளினார். நின்றது. தொட்டி விளக்கு எரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

மறுநாள் காலை நான் கூடத்தைக் கழுவி முடிக்கவில்லை, 'டப்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்டு போயிற்று. விசை கீழே விழுந்து கிடந்தது. தள்ளினார். மறுபடி டப். தரை காய்ந்த பிறகு தள்ளினார், நின்றது. ஸ்டாண்டின் நாலு காலுக்கும் அடியில் துருப்பிடிக்காமலிருக்க மரத்துண்டு வைத்திருந்தார். அது நனைந்தால், தொட்டியிலிருந்து கரண்டு தரைக்கு இறங்குகிறது. இவ்வளவு எனக்கே புரிந்தது. அவர் சொன்னது வேறு.

"பெட்டி கெட்டுப் பூடுச்சி. இத்தினி வருஷம் சும்மா கெடந்துச்சில்ல."

எனக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு பாசம் வந்தது அன்றைக்குத்தான். அதுவும் என்னைப் போலத்தான். உண்மையைச் சொன்னது, சொன்னதற்குக் கெட்டுப்போனது என்று பெயர் வாங்கியது.

"பெட்டி கெடல. தொட்டிதான் கெட்டுக் கீது. மூடியத் தொறந்து பாருங்க."

"லைட்டு நல்லா எரியுது. கெட்டது எப்படி எரியும்?"

இதற்கு மேல் என்ன பேசுவது? ஆனாலும் வேண்டாவெறுப்பாக அவர் சுவர் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார். வீட்டுக்கு வயர் இழுத்த யாரோ மாற்றி மாட்டியிருந்தார்கள். சுவிட்சு, கரண்டு வருகிற வயரை அறுக்காமல் திரும்பிப் போகிற வயரை அறுத்துக்கொண்டிருந்தது. அணைத்தால் விளக்கு அணையும். கரண்டு மூடிவரைக்கும் வந்து நிற்கும். சுவிட்சை அணைத்தாலும் அடிக்கிறது என்று நான் சொன்னது பொய் இல்லை. அவர் அதை மாற்றி மாட்டினார். மாட்டிவிட்டு, "இதான்" என்றார். நீ சொன்னது சரி என்று சொல்லவில்லை. விஞ்ஞானி என்று சிரித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். மூடிக்குள் சோக்கு உப்பு பூத்துக் கிடந்ததை யாரும் திறந்து பார்க்கவில்லை. விளக்கு எரிகிற சாயங்காலங்களில் பெட்டி விழுந்துகொண்டுதான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்த பிறகு தரை காயவே இல்லை; அடிக்கடி விழுந்தது. விழுந்தால், தனி வயர் இழுத்து அவர் மாட்டியிருந்த, தொட்டிக்குக் காற்று ஊதுகிற குட்டி மோட்டாரும் நின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இரண்டு மூன்று செத்தும் போயின. செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்ப்பார், நான்தான் கொன்றது போல.

ஒருநாள் எனக்குத் தெரியாமல் பெட்டியைக் கழற்றி, வயரை நேராக முறுக்கிவிட்டார். நான் பார்த்தேன். அலுமினியத் தட்டை எடுத்துத் தெருக்கதவுக்கு எதிரே, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைத்து, மணலைக் கொட்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியை மறுபடி மாட்டினார். இப்படி நடந்தது, ஒரு தடவை இல்லை. அவர் கழற்றுவார், நான் தட்டை எடுப்பேன், அவர் மாட்டுவார். சண்டைகூட இல்லை. சண்டை போட ஆசை வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் களைத்துப்போயிருந்தோம். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. எனக்கு அந்தப் பெட்டி அங்கே இருக்கவேண்டும், அவ்வளவுதான். அது இருந்தால் அடிக்கும், ஆனால் உடனே விட்டுவிடும். நான் பிழைத்துக்கொள்வேன்.

எனக்கு மட்டும் ஏன் அடிக்கிறது என்ற புதிர் ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது அவிழ்ந்தது. அவர் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு நடப்பார். அரபு நாட்டில் பழகிய பழக்கம். மாமிக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு. கிணற்றடியிலிருந்து தொழுகிற பாய்வரைக்கும் ரப்பர் செருப்பைக் கழற்றமாட்டார். வெறுங்காலோடு அந்த வீட்டில் நடந்தவள் நான் ஒருத்திதான். இதையும் அவரிடம் சொன்னேன். "ஆமா, எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிருக்கே" என்றார்.

மழை விடாமல் கொட்டி இருண்டு கிடந்த ஒருநாள் காலையிலிருந்தே தொட்டி விளக்கைப் போட்டிருந்தார்; பெட்டி எத்தனையோ தடவை விழுந்துவிட்டது. அவர் மீட்டருக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இன்னிக்குக் கழட்டி ஏரில வீசப் போறேன். நீ மண்ண அள்ளித் தலைல கொட்டிக்கினாலும் சரி, தெருவுல உக்காந்து கொட்டிக்கினாலும் சரி."

"கழட்டாதீங்க" என்றேன். "மீனு போனா வேற மீனு வாங்கலாம்."

"வாங்கறதுக்கு நீ சம்பாதிக்கிறியா?"

"அப்ப லைட்ட நிறுத்துங்க. மீனுக்கு லைட்டு எதுக்கு? ஏரில எந்த மீனு லைட்டு போட்டுக்கினு கீது?"

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். விளக்கை நிறுத்தினால் நாற்காலி போட்டு எதன் முன்னால் உட்காருவார்? அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். விசையை மேலே தள்ளி, தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு, "வயருக்குச் சுத்த டேப் வாங்கினு வர்றேன்" என்று மழையில் இறங்கிப் போனார். திரும்பி வந்தால் பெட்டி போய்விடும். நான் மணல் தட்டைத் தேடினேன். மழையில் மணல் நனைந்து சேறாகியிருந்தது. நனைந்த மண் உதவாது. கையில் இருந்த ஒரே ஆயுதமும் போயிற்று என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் டேப்போடு வந்து ஸ்டூலில் ஏறும்போது மஃரிப் பாங்கு கேட்டது. மாமி கிணற்றடியில் ஒளு செய்துகொண்டிருந்தார். செருப்பு வார் அறுந்துவிட்டதாம். அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. படியைத் தாண்டுவதற்காக, எப்போதும் போல, ஸ்டாண்டைப் பிடித்தார்.

"யா அல்லா!" என்ற அலறலும் டப் என்ற சத்தமும் சேர்ந்தே கேட்டன. வீடு இருண்டது.

நான் ஓடினேன். மாமி படியிலேயே சரிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை மறு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "கடிச்சிச்சிடா. டேய், இழுத்து உள்ள வாங்குச்சிடா என்ன." அவர் ஸ்டூலிலிருந்து குதித்து வந்து, தட்டுத் தடுமாறி சிம்னி விளக்கை ஏற்றினார். மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் நுனி வெளுத்திருந்தது, அவ்வளவுதான். பெட்டி விட்டுவிட்டது. டேப் வாங்கப் போன இடத்தில் கூட்டம் இல்லாமல் அவர் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், விட்டிருக்காது.

அவர் அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தார். "எங்கம்மா தொட்டே? எந்த விரலு? எதுவரிக்கும் இழுத்துச்சி? தோளு வரிக்குமா? நெஞ்சு படபடங்குதா? தலை சுத்துதா? இப்ப மரத்துப்போன மாதிரி கீதா?" ஒவ்வொன்றாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்டார். பதில் வரும்வரை முகத்தையே பார்த்தார். முழங்கை வரிக்கும் என்று நான் மனதுக்குள் சொன்னேன். படபடக்கும். ராத்திரி வரைக்கும் மரத்திருக்கும். அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதில் ஒரு கேள்வியை, ஒரே ஒரு தடவை, என்னிடம் கேட்டிருக்கலாம்.

பிறகு எழுந்து பிளக்கைப் பிடுங்கினார். தகர மூடியை இரண்டு கையாலும் தூக்கி, பின்கட்டில் கொட்டுகிற மழையில் வீசினார். "சனியன். எங்கம்மாவக் கொன்னிருக்கும்."

மாமிதான் சொன்னார். "இவ சொன்னாடா. நாளெல்லாம் சொல்லிக்கினே கெடந்தா."

"ஆமா, சொன்னா." அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நெசமாவே இருக்கும்னு நான் இன்னாத்தக் கண்டேன்?"

எனக்கு அழுகை வந்தது. அடக்க முடியாமல் வந்தது. சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் பக்கத்தில் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்ததற்கு அப்புறம் அவ்வளவு மெதுவாக என்னிடம் அவர் பேசியதில்லை.

"அழாத. அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. பயப்படாத."

மாமியும் கையை நீட்டி என் தலையைத் தடவினார். "என் மேல இம்மாம் பாசமா உனக்கு" என்றார்.

நான் மாமிக்காக அழவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதையும் அவர்களை நம்பவைக்க வேண்டியிருக்கும்.